பீரோவின் மேல்தட்டு



இந்த வாரம் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். அதில் என் வீட்டுச் சங்கதியும், நான் சொன்ன ஒரு பொய்யும் கலந்திருக்கின்றன. என் மூத்த மகனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகே எழுதத் துணிந்தேன். "எழுதுங்கப்பா, ஆனா பார்ட்ஸ் பேரைத் தப்பா எழுதிடாதீங்க" என்பதே அவன் விதித்த ஒரே நிபந்தனை. ஆகவே எண்களையெல்லாம் அவனிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் பொட்டிபுரத்தை வெளியூரார் நியூட்ரினோ ஆய்வகத்தின் பெயரால் அறிவார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை உள்ளே அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கண்டறிவதாகத் திட்டம். எதிர்ப்பு எழுந்தது. 2022 பிப்ரவரியில், அனுமதிக்க இயலாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை இன்றும் குடையப்படாமல் நிற்கிறது. விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. இருட்டும் வேளையில் திரும்பி இறங்குகின்றன. நான் சொல்லவந்த இரும்புப் பெட்டி அந்த ஆய்வகத்தைப்போல் பெரியதன்று. என் மேசைக்கு அடியில் அடங்கிவிடும்.

2012 ஜூன் மாதத்தில் அதை வாங்கினேன். சபைப் பணத்தில் அன்று; என் சம்பளத்தில், தவணை முறையில். இன்டெல் கோர் ஐ3-2100 என்னும் பிராசசர், எச்61 வகை மதர்போர்டு, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். திருமண ஓலை தட்டச்சு செய்யவும், ஞாயிறு ஆராதனை முறைமையை அச்சிடவும் அது போதுமானதாக இருந்தது.

மூத்தவனுக்கு அது போதவில்லை. 2016 மே மாத விடுமுறையில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினான். அந்தக் கூலியோடு அவன் பாட்டி கையில் வைத்த பணத்தையும் சேர்த்து, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ. ஒன்பதாயிரம் ரூபாய்க்குமேல் ஆயிற்று. விளையாட்டில் நகரும் காட்சிகளைத் தீட்டுகிற வேலையைப் பிராசசரிடமிருந்து வாங்கித் தனியாகச் செய்வதே அந்தக் கார்டின் தொழில். அன்றுமுதல் நான் சனிக்கிழமை இரவுகளில் பிரசங்கக் குறிப்பு எழுதும்போது, சுவருக்கு அப்பால் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிற்று. கவுன்டர் ஸ்ட்ரைக் என்று விளையாட்டின் பெயர். அந்த ஆண்டு அவன் பன்னிரண்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. டிசம்பரில் ஒரு நாள், அவன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், பெட்டியைத் திறந்து அந்தக் கார்டைக் கழற்றி எடுத்தேன்.

எடுத்ததைப் பற்றி எனக்கு இன்றும் பெரிய வருத்தம் இல்லை. தகப்பன் எடுக்கலாம். அவன் மாலையில் வந்து கேட்டபோது நான் சொன்ன பதில்தான் வேறு. "வித்துட்டேன். உன் காலேஜ் செலவுக்கு வச்சிருக்கேன்" என்றேன். கார்டு அப்போது பீரோவின் மேல்தட்டில், என் இறையியல் கல்லூரிச் சான்றிதழ்களுக்குப் பின்னால், ஒரு பழைய துண்டில் சுற்றி இருந்தது.

தேர்வு முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தேர்வு முடிந்தது. அவன் கேட்கவில்லை. கேட்காதவனிடம் எடுத்துக் கொடுத்தால் விற்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடுமே என்று நான் பேசாமல் இருந்தேன். சொன்ன பொய், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வழியையும் அடைத்துக்கொண்டது. அவன் கல்லூரிக்குப் போனான், படித்து முடித்தான், சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். தாயோடு அரைமணி நேரம் பேசுவான். எனக்கு, "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட கொடுங்க." அனனியாவும் சப்பீராளும் வருகிற அதிகாரத்தை நான் இந்த ஒன்பது ஆண்டுகளில் இருமுறை பிரசங்கித்திருக்கிறேன். இருமுறையும் நன்றாகவே பிரசங்கித்ததாகச் சபையார் சொன்னார்கள்.

என் இளைய மகன் அவனுக்குப் பத்து வயது இளையவன். இப்போது பதினோராம் வகுப்பு. இவனுக்குத் துப்பாக்கி வேண்டாம், லாரி வேண்டும். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்று ஒரு விளையாட்டு; செக் நாட்டு நிறுவனம் ஒன்று 2012-ல் வெளியிட்டது. சரக்கேற்றிக்கொண்டு நாடு நாடாகப் போய் இறக்க வேண்டும், அவ்வளவுதான். மலைச்சாலையில் ஜீப்பும் லாரியும் இறங்கி வருவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் எங்கள் பெட்டி விண்டோஸைத் திறக்கவே ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. லாரி ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று நகர்ந்தது. போதாததற்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திற்று. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டுமாம். எங்களுடையது இரண்டாம் தலைமுறை. கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க ஐயா" என்றார். புதியதற்கு அவர் சொன்ன விலை நாற்பத்தைந்தாயிரம். கன்வென்ஷன் கூட்டம் ஒன்றில் பேசியதற்குக் கிடைத்த காணிக்கையில் என் கையில் மிஞ்சியிருந்தது எட்டாயிரம்.

கோபுரம் கட்ட மனதானவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று கர்த்தர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். நான் உட்காரவும் இல்லை, கணக்குப் பார்க்கவும் இல்லை. ராம் கூட்டினால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வேலையாகத் தேனிக்குப் போனபோது ஒரு கடையில் 8 ஜி.பி. ராம் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பொருத்தினால் உட்காரவில்லை. என்னுடைய போர்டு டிடிஆர்3 வகை, வாங்கியது டிடிஆர்4. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் உடையுமே தவிர உள்ளே போகாது. கடையில் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எந்த வகை என்று அவர்கள் கேட்டபோது "நல்லதாக் கொடுங்க" என்று சொன்னவன் நான்.

இளையவன் அண்ணனுக்கு அலைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். அப்படித்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு நானும் மூத்தவனும் ஒரே விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினோம்.

அவன் முதலில் எதையும் வாங்கச் சொல்லவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, லாரி திணறும்போது எந்த எண் நூற்றைத் தொடுகிறது என்று பார்க்கச் சொன்னான். பெட்டி திறக்கும் வேளையில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. ராம் நிறைந்து வழிந்தது. விளையாடும்போது பிராசசரும் மூச்சுத்திணறிற்று. "எல்லாத்தையும் மாத்த வேண்டாம்பா. போர்டு, கேபினட், மானிட்டர், கீபோர்டு அப்படியே இருக்கட்டும். எது பிடிச்சு இழுக்குதோ அதை மட்டும் பார்ப்போம்" என்றான். ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அவன் கேள்வி கேட்ட விதத்தை நான் ரசித்துக் கேட்டேன். இந்தப் பொறுமை இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன், என்னிடமிருந்து அன்று.

பிறகு மூடியைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். படத்தைப் பார்த்ததும், "முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துங்க" என்றான். மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி அது. மேலே 450 வாட் என்று எழுதியிருந்தது. சல்லடை வழியாகப் பார்த்தால் உள்ளே கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. எங்கள் அடிவாரத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதும், வரும்போது ஏறி இறங்குவதும் புதிதல்ல. அந்தப் பெட்டி செத்தால் தனியாகச் சாகாது, கூட இருப்பதையும் கொண்டுபோகும் என்றான். விளையாட்டின் வேகத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தும் எட்டாயிரத்தில் பெரிய பங்கு இதற்கே போயிற்று: 2,350 ரூபாய். இளையவனுக்கு முகம் வாடிவிட்டது. இப்படிப்பட்ட சிறிய கணக்கில் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குப் பணம் கொடுப்பதுதான் கடினம்.

டிடிஆர்4 ராமைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் கணக்கில் 256 ஜி.பி. எஸ்எஸ்டி ஒன்றை எடுத்தோம். சில வாரங்களுக்குமுன் இன்னும் மலிவாக இருந்ததாம். செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும்பும் தரவு மையங்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் ராம், எஸ்எஸ்டி விலைகள் ஏறுகின்றன என்று மூத்தவன் விளக்கினான். எங்கோ எவரோ கட்டுகிற களஞ்சியங்களுக்காகப் பொட்டிபுரத்துப் பிள்ளையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் எச்61 போர்டில் எஸ்எஸ்டி தன் முழு வேகத்தில் ஓடாது. அதன் இணைப்பு வாய்கள் பழைய, பாதி வேகத்து வகை. ஆனாலும் சுழலும் தட்டில் ஊசி தேடித் தேடி எடுக்கும் தாமதம் போய்விடுவதால் வேறுபாடு கண்கூடு. ஆறு நிமிடம் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அன்று என் மனைவி ஆராதனை முறைமையை அச்சிட வந்து, பெட்டியைப் போட்டுவிட்டு வழக்கம்போல் அடுப்படிக்குப் போகத் திரும்பியவள், திரை வந்துவிட்டதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

பிராசசருக்குப் பழையதே போதும் என்றான். ஐ5-3470; 2012-ல் வந்தது; நான்கு கோர். எங்கள் ஐ3-க்கு இரண்டே கோர். அதே சாக்கெட்டில் உட்காரும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் ஆயிரத்து முந்நூறுக்குக் கிடைக்கும். பயன்படுத்திய 4 ஜி.பி. டிடிஆர்3 ராம் ஐந்நூறு. இருக்கிற நான்கோடு சேர்ந்து எட்டாகும். "நானே வாங்கி வச்சிடறேன்" என்றான். சொல்லிவிட்டு, தம்பியிடம் பேசுவதுபோல், "கிராஃபிக்ஸ் கார்டுதான் இந்த பட்ஜெட்ல வராது. என் பழைய 750 டிஐ இருந்திருந்தா இதுக்குப் போதும்டா. அறுபது வாட்தான் இழுக்கும், தனி ஒயரே வேண்டாம். இன்னிக்கு அதையே செகண்ட் ஹேண்டுல வாங்கப் போனா ரெண்டாயிரத்துக்கு மேல சொல்வான்" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. செத்துப்போன உறவினரை நினைவுகூருகிற குரல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். பீரோவைத் துடைக்கும் கை அவளுடையது.

எட்டு நாள் ஆயிற்று. இடையில் ஒரு ஞாயிறு வந்துபோயிற்று. ஒரு ஞானஸ்நானம், ஒரு அடக்க ஆராதனை. செவ்வாய்க்கிழமை இரவு, மொட்டைமாடிக்குப் போய் அவனுக்கு அழைத்தேன். முன்னுரையாகச் சொல்ல நினைத்தவை எல்லாம் மறந்துபோயின. "தம்பி, அந்தக் கார்டை நான் விக்கல. பீரோலதான் இருக்கு. அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றேன்.

சென்னை வாகனங்களின் இரைச்சல் மட்டும் சற்று நேரம் கேட்டது.

"ஃபேன்ல தூசி அடைஞ்சிருக்கும்பா" என்றான் பிறகு. "காஞ்ச பெயிண்ட் பிரஷ் வச்சு மெதுவாத் துடைங்க. தங்கக் கலர்ல கீழ பல்லு மாதிரி இருக்கும்ல, அதைப் பென்சில் ரப்பர் வச்சுத் தேய்ங்க. தண்ணி கிண்ணி படக்கூடாது. நான் வர்ற வரைக்கும் மாட்டிப் பார்க்காதீங்க."

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தான். சென்னையிலிருந்து போடிவரை ரயிலில். எங்கள் ஊர்ப் பக்கத்து மீட்டர் கேஜ் பாதையை 2010 இறுதியில் நிறுத்தினார்கள். அகலப்பாதையில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. அந்தத் தாமதத்தைக் குறித்து நான் பலமுறை மேடையில் குறைகூறியிருக்கிறேன். இனிமேல் கூற எனக்கு வாயில்லை. நிலையத்தில் அவன் இறங்கியபோது ராம் பையில் இருந்தது; பிராசசரைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

அன்றிரவு சாப்பாடு முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான். "எடுத்தீங்க, சரி. நான் படிக்கலதான். வித்துட்டேன்னு ஏன்பா சொன்னீங்க?"

"பீரோல இருக்குன்னு சொன்னா நீ கேட்டுக்கிட்டே இருப்பே, நான் மனசு இளகிக் கொடுத்துடுவேன்னு பயம்" என்றேன். அதுதான் உண்மை, அதைவிட மேன்மையான காரணம் ஏதும் எனக்கு இல்லை.

"அப்ப ரொம்ப நாள் செகண்ட் ஹேண்ட் கடை விளம்பரத்துல எல்லாம் அதைத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றான். "பின்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு." அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒன்பது ஆண்டு கனத்தை ஒரே ராத்திரியில் இறக்கிவைத்துவிட்டோம் என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் காலை வேலை தொடங்கிற்று. புதிய பிராசசரை உடனே மாட்டக்கூடாதாம். எங்கள் போர்டு, மூன்றாம் தலைமுறைச் சில்லு வருமுன் செய்யப்பட்டது. அதன் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளுக்கு ஐ5-3470 யாரென்று தெரியாது. பழைய ஐ3 உள்ளே இருக்கும்போதே, பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் புதுப்பிக்கலாம் என்று நினைத்தால் திரையே வராது. புதுப்பிக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் மின்சாரம் நின்றால் போர்டு போயிற்று. இன்வெர்ட்டரில் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மூவரும் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பின்பு பழைய பசையைத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்டை ஒரு பட்டாணி அளவு வைத்து, பிராசசரை உட்காரவைத்தான். போர்டில் நாணயம்போல் இருக்கும் பேட்டரியை எடுத்து என்னிடம் காட்டினான். அது செத்து எத்தனையோ காலம். மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் பெட்டியின் தேதி பின்னுக்கு ஓடிப்போகும். நான் ஒவ்வொரு முறையும் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். அதன் விலை நாற்பது ரூபாய்.

கடைசியாகத் துண்டைப் பிரித்துக் கார்டை அவன் கையில் கொடுத்தேன். பின்புறம் திருப்பிப் பார்த்தான். ஸ்டிக்கர் இருந்தது. கட்டைவிரலால் அதை ஒருமுறை நீவிவிட்டு, "டார்ச்சைப் பிடிங்கப்பா, இந்தப் பக்கம்" என்றான். நான் டார்ச் பிடித்தேன்.

மொத்தச் செலவு 6,540 ரூபாய். பசையும் பேட்டரியும் சேர்த்து. பிராசசருக்கும் ராமுக்குமான பணத்தை அவன் வாங்க மறுத்தான். நான் அவன் பையில் வைத்துவிட்டேன். இப்படிச் செய்ய நினைக்கும் பெற்றோருக்கு அவன் சொல்லச் சொன்னது: அந்த வகைக் கார்டுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர்வரை வரும். விண்டோஸ் 10-க்கும் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், பதிவு செய்துவிட்டான். அதற்குப்பின் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், லாரி விளையாட்டு அதிலும் ஓடும் என்கிறான். துப்பாக்கி விளையாட்டுகளில் சில ஓடாதாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சற்றே சிரித்தான்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் இளையவன் ஆல்ப்ஸ் மலையில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தான். திக்கல் இல்லை. "நம்ம போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. இதெல்லாம் ஒரு ரோடா?" என்றான். ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். முதல் வளைவிலேயே, முப்பது ஆண்டு டிவிஎஸ் வண்டி ஓட்டிய அனுபவத்தோடு, பதினெட்டு டன் சரக்கைப் பள்ளத்தில் கவிழ்த்தேன்.

"பிரேக் எங்கடா இருக்கு?" என்றேன். பதில் சொல்ல முடியாமல் மூத்தவன் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.